பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு டாக்டர்

புதுச்சேரியில் கிளம்பும் பஸ் திருக்கனூர் போய்ச் சேர்வதற்குள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரி எல்லைக்குள் வந்துவிடும். மண்ணாடிப்பட்டு கொம்யூன் அப்படித்தான் விழுப்புரம் மாவட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. இங்கிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒரு வயசாளி போய்த் திரும்பினால் அவருக்கு ஒரு முழு நாள் போகும். கூடப் போகிற மகளுக்கு ஒரு நாள் கூலி போகும். டவுனில் இருக்கும் டாக்டரை ஊருக்குள்ளேயே பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது என்று இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு ஏற்பாட்டை இந்தக் கொம்யூனின் சிற்றூர் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். பொதுக் கட்டடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தரையில் டைல்ஸ், மேலே சிமென்ட் தளம், சுவரில் ஒரு டிவி. டிவியின் தலைமேல் ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் ஆயா. பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஓர் இளம்பெண். திரையில் டாக்டர், சட்டைப் பொத்தானில் தொங்கும் நூல் வரைக்கும் தெரிகிறார்.

ஆயா பேச ஆரம்பித்தார். டாக்டர் காதில் மாட்டியிருந்ததை அழுத்திக்கொண்டு, "அம்மா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு. கொஞ்சம் கிட்ட வந்து பேசுங்க" என்றார்.

"இன்னா தம்பி, மூஞ்சி இம்மாம் பெருசா தெரியுது, பேசறது கேக்கலியா?" என்றார் ஆயா.

படம் கண்ணாடி மாதிரி இருக்கும்போது பேச்சு மட்டும் ஏன் கிணற்றுக்குள் விழுந்தது? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அறைக்குள் இருந்த எனக்கு ஆயாவின் குரல் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் கேட்டது. கிணறு டாக்டருக்கு மட்டும்தான். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். பன்னிரண்டு அடி அறையில் ஆயா சொன்ன ஒரு சொல், சுவரில் மோதித் திரும்ப நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். திரும்பியது எதிர்ச்சுவரில் மோதும், பிறகு தளத்தில், பிறகு தரையில். டைல்ஸும் சிமென்ட்டும் ஒலியைக் குடிப்பதில்லை, அப்படியே திருப்பி விடுகின்றன. அடங்குவதற்குள் அது நூறு தடவை சுவர் மாறியிருக்கும். ஒரு சொல் அடங்கும் முன்பே அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடுகிறது.

நமக்கு இது உறைப்பதில்லை. நமக்கு இரண்டு காது. இரண்டுக்கும் வந்து சேரும் ஒலியில் உள்ள நுணுக்கமான நேர வித்தியாசத்தை வைத்து மூளை "இது ஆயா, இது சுவர்" என்று பிரித்து, சுவரை ஒதுக்கிவிடுகிறது. ஒற்றை மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆயாவையும் சுவரையும் சேர்த்து வாரி அனுப்பிவிடும். அதனால்தான் நல்ல கருவிகளில் நாலு, ஆறு என்று மைக்குகளை வரிசையாகப் பதிக்கிறார்கள். பத்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு மைக்குகளுக்கு, பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு முன்பின்னாகப் போய்ச் சேரும். அந்தச் சின்ன இடைவெளியைக் கணக்கிட்டு, ஆயா இருக்கும் திசையை மட்டும் கூட்டி, மற்ற திசைகளைக் குறைத்துவிடலாம்.

சின்ன அறையின் தொல்லை இதோடு முடிவதில்லை. டாக்டரின் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. அதே பட்டையில் ஒரு சாண் தள்ளி மைக். ஆயாவோ ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். மைக்குக்கு ஆயாவைவிட டாக்டரின் குரல்தான் பலமாகக் கேட்கும். அதை அப்படியே அனுப்பினால் டாக்டருக்குத் தான் பேசியதே திரும்பி வரும். தன் குரல் அரை நொடி கழித்துக் காதில் விழுந்துகொண்டே இருந்தால் யாராலும் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது.

பால் சொசைட்டியில் முதலில் வெறும் கேனை நிறுத்து, பிறகு பாலோடு நிறுத்து, கேனின் எடையைக் கழிப்பார்கள். கருவி செய்வதும் அந்தக் கழித்தல்தான். ஸ்பீக்கருக்கு எதை அனுப்பினோம் என்பது அதற்குத் தெரியும். அது அறையில் சுற்றி மைக்குக்கு வரும்போது எப்படி உருமாறும் என்பதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. பிறகு மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழிக்கிறது. மிச்சம் ஆயாவின் குரல். கடினம் என்னவென்றால் இங்கே கேனின் எடை நிலையாக இருப்பதில்லை. யாராவது கதவைத் திறந்தால் மாறும், நாற்காலியை நகர்த்தினால் மாறும். ஒவ்வொரு நொடியும் புதிதாக நிறுத்துக்கொண்டே கழிக்க வேண்டும்.

இந்த வித்தைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் மன்மோகன் சோந்தி. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் படித்துவிட்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனவர். செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசி பேசத் தொடங்கிய காலத்தில் எதிரொலி பெரிய தலைவலியாக இருந்தது. தானாகக் கற்றுத் திருத்திக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றி அவர் 1967-இல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அன்று அதைச் செய்யத் தனிக் கருவியே வேண்டியிருந்தது. இன்று ஒரு சில்லின் மூலையில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கருவி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பிக்சல்?" என்பது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. முகம் கலங்கலாகத் தெரிந்தாலும் குரல் தெளிவாக இருந்தால் பேச்சு நடக்கும். முகம் பளிச்சென்று இருந்து குரல் உடைந்தால் ஐந்து நிமிடத்தில் இருவரும் களைத்துவிடுவார்கள். சாதாரணத் தொலைபேசி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியை வெட்டிவிடும் என்பதால் "எஸ்", "எஃப்" இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். மருந்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் போனில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வீடியோ கருவிகள் அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அகலமான ஒலியை அனுப்பக்கூடியவை. அந்த வசதி கையில் இருக்கும்போது, டைல்ஸ் அறையில் மைக்கை எட்டத்தில் மாட்டி அதை வீணாக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

குரல் முதலில் என்பதை இந்த மண் முன்பே ஒரு தடவை நிரூபித்திருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் உதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊர்களுக்குள் நம்பத் தகுந்த தொலைபேசித் தடம் இல்லாத காலம். கரண்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கூரையில் சூரியத் தகடு வைத்தார்கள், ஊருக்கு ஊர் ரேடியோ அலையில் தொடர்பு கொடுத்தார்கள். ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே ஓர் அறையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழில் பேசிப் பதிந்து வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியது. படம் கிடையாது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்கு அந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவ ஊரில் அந்த ஒலிபெருக்கி செய்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமி செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் செய்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று சொன்னார்கள். அலை வருவதற்குள் ஊரே வெளியேறிவிட்டது.

படத்துக்கு வருவோம். அதுவும் அதிசயம்தான்.

முழு உயர்தெளிவுப் படம் என்றால் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். நொடிக்கு 30 படம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 149 கோடி பிட் வருகிறது. கிராமத்து இணைப்பில் நிம்மதியாகப் போகக்கூடியது முப்பது, நாற்பது லட்சம் பிட். நாலு லாரி நெல்லை ஒரு மூட்டைக்குள் திணிக்கிற கணக்கு. திணிக்கும் வழி தெரியாத காலத்தில், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படம் தெரியும் தொலைபேசியைக் காட்டியது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு மூன்று நிமிடம் பேச 16 டாலர். ஒரு முகத்தைக் கொண்டுபோக அவ்வளவு அகலமான தடம் தேவைப்பட்டதும் அந்தத் தொலைபேசி நிலைக்காததற்கு ஒரு காரணம்.

திணிக்கும் வழியைக் காட்டியவர்கள் மூன்று பேர், மூவருக்கும் வேர் நம் பக்கம். பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ். தன் யோசனையை ஆராய நசீர் அகமது 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. மதிப்பிட்டவர்களில் ஒருவருக்கு அது மிகவும் எளிமையான யோசனையாகத் தோன்றியதாம். கைவிடாமல் கோடையில் உழைத்து முடித்தார்கள். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. இன்று போனில் எடுக்கும் போட்டோவிலும் நெட்டில் ஓடும் வீடியோவிலும் இருப்பது அந்த யோசனை, அல்லது அதற்கு நெருங்கிய உறவு.

அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் 64 அறை. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி உள்ள சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். 64 அறையிலும் 64 விதமான ஒளி-நிழல் கோலம். முதல் அறையில் வெறும் சமவெளுப்பு, அடுத்ததில் இடமிருந்து வலமாக மெல்ல மங்குவது, போகப்போக நெருக்கமான வரிகள், கடைசியில் பொடிப்பொடிக் கட்டங்கள். எந்தக் கட்டத்தையும் இவற்றின் கலவையாகச் சொல்லிவிடலாம்: இது இரண்டு சிட்டிகை, அது அரைச் சிட்டிகை. ஆயாவின் கன்னத்திலோ வெள்ளைச் சுவரிலோ முதல் நாலைந்து அறைக்கு மேல் கை போகாது. மற்றதெல்லாம் பூச்சியம், அதை அனுப்ப வேண்டியதில்லை. நம் கண் பொடி வரிகளை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது என்பதால் கடைசி அறைகளில் கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் ருசி மாறாது.

இது ஒரு படத்துக்குள் நடக்கும் மிச்சம். படத்துக்கும் படத்துக்கும் இடையில் இதைவிடப் பெரிய மிச்சம் இருக்கிறது. தெருக்கூத்தில் விடிய விடியப் பின்னால் இருப்பது அதே பந்தல், அதே விளக்கு. ஆடுகிறவர் மட்டும்தான் நகர்கிறார். டாக்டர் அறையின் அலமாரியும் அப்படித்தான். ஒரு தடவை அனுப்பினால் போதும், பிறகு "அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னால் போயிற்று. உதடு அசைந்ததா, கை உயர்ந்ததா, அதை மட்டும் "அந்தக் கட்டம் இத்தனை புள்ளி மேலே போயிற்று" என்று அனுப்புகிறார்கள். முன்பே ஒன்றாகப் பிணைந்திருந்த இந்த இரண்டு சிக்கனத்தையும் 2003-இல் வந்த ஹெச்.264 என்ற முறை இன்னும் கூர்மையாக்கியது. உயர்தெளிவுப் படம் சாதாரண இணைப்பில் போகத் தொடங்கியது அதன் பிறகுதான். இதில் ஒரு பயன் உண்டு: ஆடுகிறவர் அசையாமல் நின்றால், அசைவுக்குச் செலவாகும் பிட்டெல்லாம் மிஞ்சும், மிஞ்சியதைக் கொண்டு அது நுணுக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியும் படமும் சரியானாலும் பேச்சு பேச்சாக இருக்க இன்னொன்று வேண்டும்: நேரம். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி எவ்வளவு என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும் சராசரி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது அடுத்தவர் முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார்செய்யத் தொடங்கிவிடுகிறோம்.

இந்த நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஏற்பாடு சாட்சி. 2004 அக்டோபர் 18 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் டெல்லியிலிருந்தபடி, இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாட்டில் அமைத்த கிராம வள மையங்களைத் தொடங்கிவைத்தார். திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம். கிராமத்து அறையில் உட்கார்ந்தவர்கள் செயற்கைக்கோள் வழியாக நிபுணர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். தடமே இல்லாத ஊருக்கும் எட்டியது பெரிய காரியம். ஆனால் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்க ஒளிக்கே கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி. அந்த அரை நொடி மௌனத்தில் இந்தப் பக்கத்துக்காரர் "கேக்கலையோ" என்று மறுபடி ஆரம்பிப்பார், அந்தப் பக்கத்துப் பதில் அதோடு வந்து மோதும், இருவரும் ஒன்றாக நிறுத்துவார்கள், ஒன்றாகத் தொடங்குவார்கள். எந்தக் கருவியாலும் இதைத் தீர்க்க முடியாது. ஒளியின் வேகம் அவ்வளவுதான்.

அதனால் வானத்தை விட்டுவிட்டுத் தரையோடு போகும் வழியைத் தேடியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. ஒரு சின்னக் கட்டடம், பயிற்சி பெற்ற ஊர்ப்பக்கத்துப் பெண்கள், கண்ணை உருப்பெருக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப், ஒரு கேமரா. நோயாளியைச் சோதித்த பிறகு பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேச வைப்பார்கள். தேனி வட்டாரத்தில் இதற்கு இணைப்புக் கொடுத்தது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் குழு திருத்தியமைத்த சாதாரண வைஃபை. வீட்டுக்குள் ஐம்பது அடி தாண்டினால் திணறும் அதே வைஃபை அங்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போயிற்று.

கோபுரமும் திசை ஆன்டெனாவும் பாதி விடை. மீதி பாதிதான் சுவையானது. வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டு அளவுக்கு வைத்த பொறுமை அது, மிகக் கொஞ்சம். பதினைந்து கிலோமீட்டர் போய் வர ஒளிக்கு நூறு மைக்ரோ நொடி பிடிக்கும். அதற்குள் பொறுமை தீர்ந்து, பொட்டலம் தொலைந்தது என்று முடிவுகட்டி, மறுபடி அனுப்பும். அங்கிருந்து வரும் பதிலோடு இது மோதும். அந்தக் குழு இந்தப் பழக்கத்தையே மாற்றியது. போர்த் தண்ணீரை இரண்டு பேர் முறை வைத்துப் பாய்ச்சுவதைப் போல, இவ்வளவு நேரம் உன் முறை, இவ்வளவு நேரம் என் முறை என்று இரு முனைக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பதில்களையும் ஒன்றொன்றாக இல்லாமல் மொத்தமாக அனுப்பச் சொன்னார்கள். விலை குறைந்த அதே பெட்டியில் நொடிக்கு அறுபது லட்சம் பிட் வரை ஓடியது, தாமதம் காதுக்கே தெரியாத அளவு. இன்று அரவிந்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பார்வை மையங்கள் இருக்கின்றன. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பஸ் ஏறாமல் வீடு திரும்புகிறார்கள்.

நம் அறைக்குத் திரும்புகிறேன். ஆயா டாக்டரின் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் கேமரா டிவிக்கு மேலே இருந்ததால் டாக்டருக்கு ஆயா எங்கோ கீழே பார்ப்பதாகத்தான் தெரிந்திருக்கும். இதில் சின்ன அறை மறுபடி வஞ்சிக்கிறது. திரையில் தெரியும் கண்ணுக்கு ஓர் அடி உயரத்தில், ஏறக்குறைய 30 சென்டிமீட்டரில் கேமரா இருந்தால், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பார்வை ஆறு டிகிரிக்குள்தான் விலகும். ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்தவருக்கு அது பதினொரு டிகிரி. அறை சின்னதாக ஆக ஆகக் கண் தாழ்ந்துகொண்டே போகும். பெரிய டிவி வாங்கி மாட்டினால் இன்னும் மோசம். சின்னத் திரையை வைத்து, டாக்டரின் படத்தை மேல் விளிம்புக்கு நகர்த்தினால் பாதி சரியாகிவிடும். காசே செலவில்லை.

ஆயாவின் பக்கத்தில் இருந்த அந்த இளம்பெண் செய்ததும் காசில்லாத வேலைகள்தான். டாக்டர் கிணறு என்று சொன்னதும் உள்ளே போய் இரண்டு கோரைப்பாயைத் தூக்கி வந்தாள். ஒன்றை ஆயாவின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள், இன்னொன்றைத் தரையில் விரித்தாள். ஃபேனைக் குறைத்தாள். ஜன்னலுக்கு எதிரே பார்த்திருந்த கேமராவின் பார்வையில் ஆயாவின் முகம் கறுத்துத் தெரிந்ததால், நாற்காலியைத் திருப்பி முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்தாள். ஆயாவின் படத்தில் மேலும் கீழும் ஓடிய சாம்பல் பட்டைகளுக்கும் அவளிடம் மருந்து இருந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மின்னும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு என்று அமைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை ஓடும். ரிமோட்டில் நாலு பொத்தான், 50 என்று மாற்றினாள்.

"இப்ப நல்லா கேக்குதும்மா" என்றார் டாக்டர். அதன் பிறகு பேச்சு பேச்சாக நடந்தது. தலை சுற்றுகிறது, காலையில் எழுந்தால் அதிகம், இரண்டு தடவை திண்ணையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ரத்த அழுத்தம் பார்த்த பெண் எண்ணைச் சொன்னாள். குறைவாக இருந்தது. என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஆயா சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்று போன மாதம் ஓரிடத்தில் வாங்கியது, இன்னொன்று மகன் வேறோர் இடத்திலிருந்து வாங்கி வந்தது. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பெயர்களும் வேறு.

"அதைக் கேமராகிட்ட காட்டுங்க."

அறை முழுவதையும் பார்க்கும் அகலக் கோண லென்ஸ், ஒரு சாண் தூரத்தில் பிடித்த அட்டையைச் சுற்றி எழுபது சென்டிமீட்டர் அகலத்தைப் பார்க்கும். பழைய கேமராவில் குறுக்கே 640 புள்ளிதான். இரண்டு மில்லிமீட்டர் எழுத்துக்கு இரண்டே புள்ளி கிடைக்கும், கறை மாதிரிதான் தெரியும். 1,920 புள்ளி என்றால் அதே எழுத்துக்கு ஐந்தாறு புள்ளி. ஆங்கிலப் பெரிய எழுத்தை அடையாளம் காண மட்டுமட்டாகப் போதும். ஆனால் ஆயாவின் கை நடுங்கியது. அட்டை அசைய அசைய எழுத்து கரைந்து கரைந்து போயிற்று.

"ஆயா, மேசைல கை முட்டியை ஊன்றிக்கோ. ஆடாம புடி" என்று அந்தப் பெண் அவர் கையைத் தாங்கிக்கொண்டாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி. கலங்கியிருந்த வெள்ளிப் பரப்பில் முதலில் கோடுகள் வந்தன, பிறகு கோடுகள் எழுத்தாயின. கம்பெனி வைத்த பெரிய பெயருக்குக் கீழே சின்னதாக இருந்த மருந்தின் பெயரை டாக்டர் வாய்விட்டுப் படித்தார். அடுத்த அட்டையைக் காட்டச் சொன்னார். அதையும் படித்தார்.

"அம்மா, ரெண்டும் ஒரே மாத்திரைம்மா. பேருதான் வேற. பிரஷருக்கு ரெண்டு மடங்கு போட்டுக்கிட்டு இருக்கீங்க. அதான் தலை சுத்துது."

ஆயா இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பை மேசைமேல் வைத்துவிட்டு, நீலத்தை மட்டும் சுருக்குப்பைக்குள் போட்டு முடிந்துகொண்டார்.